இடுப்பு வலிக்கு பெல்ட் போட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் நின்றுகொண்டுதான் வருகிறேன். ஆறு மாதமாக இடுப்பு வலி. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது சுரீரென்று பிடித்துக்கொள்கிறது. பெல்ட் போடலாமா?

பதில்: வலி அதிகமாக இருக்கும் இரண்டு மூன்று நாள் போட்டுக்கொள்ளுங்கள் சிஸ்டர், தவறில்லை. ஆனால் பெல்ட்டை நம்பி ஆளைத் தூக்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், பெல்ட் இடுப்பைக் காப்பாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் உடம்பில் தெம்பு இல்லை என்றும் நினைக்காதீர்கள். நோயாளியைக் கையால் தூக்க, எல்லாம் வசதியாக அமைந்தால்கூட, சுமார் 16 கிலோதான் வரம்பு என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே 11 கிலோ தேறும். அப்புறம் எப்படி வலிக்காமல் இருக்கும்?

பளுவைவிட அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இடுப்பைப் பதம் பார்க்கும். நான் வார்டுகளில் அடிக்கடி பார்ப்பது இது: கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி ஏறியே இருக்கும், அதன் மேலாகக் குனிந்து, கையை நீட்டி, அந்தப் பக்கம் இருக்கும் நோயாளியை இழுப்பார்கள். முதலில் உங்கள் பக்கக் கம்பியை இறக்குங்கள். தொடை கட்டிலில் படும் அளவுக்கு நெருங்கி நில்லுங்கள். உயரம் கூட்டக்கூடிய கட்டில் என்றால் உங்கள் இடுப்பு மட்டத்துக்கு ஏற்றுங்கள். பல வார்டுகளில் தலைப்பக்கமும் கால்பக்கமும் மட்டும் ஏறும் கட்டில்தான் இருக்கிறது. அங்கே வென்ஃபிளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போதாவது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

நோயாளி கீழே சரிந்துவிட்டாரா? அக்குளைப் பிடித்து இழுக்காதீர்கள். அவருக்கும் தோள் போகும். மூச்சுத்திணறலோ டியூப் ஃபீடோ (குழாய் வழி உணவு) இல்லையென்றால் தலைப்பக்கத்தைச் சமமாக இறக்குங்கள். இறக்காவிட்டால் மேட்டில் ஆளை இழுக்கிற கதைதான். நோயாளிக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டும்வரை சுருட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூக்காமல் நகர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும் வேலைக்கு ஆயாம்மாவோ இன்னொரு சிஸ்டரோ துணைக்கு வேண்டும் என்று இன்சார்ஜிடம் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

டூட்டி ரூமில் வலி தணிக்கும் டைக்ளோ ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அடிக்கடி போட்டால் வயிற்றுப்புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் உதவாது, மெல்ல நடந்துகொண்டிருங்கள். ஆறு மாத வலி என்பதால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பாருங்கள். கால் மரத்து, பாதம் தூக்க வராமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடம் உணர்வற்றுப் போனாலோ ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.