1938 விற்பனைப் பத்திரம்: கையெழுத்து சம்மதம் ஆகுமா?

வணக்கம். ஜெர்மனியில் ஒரு யூத ஆலை உரிமையாளர் 1938 டிசம்பர் இறுதியில் கையெழுத்திட்ட பத்திரத்தில் விலையும் இருப்பதால், ஆய்வேட்டில் அதை விருப்ப விற்பனை எனக் குறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறிக்க வேண்டாம். அம்மாதம் 3ஆம் தேதி நாஜி அரசு யூதர் சொத்துகள் குறித்து வெளியிட்ட ஆணை, குறித்த கெடுவுக்குள் ஆலையை விற்குமாறு உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவும், அவர் இணங்காவிடில் பொறுப்பாளரை நியமித்து விற்கவும் அதிகாரிகளுக்கு இடமளித்தது. விலையைவிட, அப்பணம் அவர் கைக்கு வந்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அது முடக்கப்பட்ட வங்கிக் கணக்கிற்குச் சென்றது, நாட்டைவிட்டு வெளியேறும் வசதி படைத்தவர்களின் சொத்தில் கால்பங்கு வெளியேற்ற வரியாகவும் (நாஜிகளுக்கு முன்பே, 1931இல் வந்த வரி இது) பிடிக்கப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கப் படை நிர்வகித்த பகுதியான அமெரிக்க மண்டலத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் 59 இத்தகைய விற்பனையைப் பறிப்பு என்றே அனுமானித்து, அப்படியில்லை என மெய்ப்பிக்கும் சுமையை வாங்கியவர் மீது வைத்தது. ஆலை அம்மண்டலத்தில் இருந்திருந்தால், போருக்குப் பிந்தைய சொத்து மீட்புக் கோப்பை மாநில ஆவணக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள்.