எட்டரைக்குச் சாப்பிட என்ன தடை?

கேள்வி: கோவையில் உயிர்த்தகவலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜெர்மனி, பிரேசில் மாணவர்களோடு சேர்ந்து ஆன்லைனில் ஒரு மாணவர் கருத்தரங்கு நடத்தப்போகிறோம். வாராவாரம் இரவு 11.30க்கு ஜூம் கூட்டம். முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும், அதுவரை அம்மா சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். ஆய்வுச் சுருக்கங்களைப் பிரித்து மதிப்பீட்டுக்கு அனுப்புவது முழுக்க நான்தான். ஆனால் அமைப்பாளர் பட்டியலில் என் பெயர் கடைசியில், ‘உதவி’ என்று இருக்கிறது. சண்டை போடலாமா?

பதில்: பெயர் கிடக்கட்டும் தம்பி, அம்மா ஏன் ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்? கூட்டம் பதினொன்றரைக்கு. எட்டரைக்குச் சாப்பிட்டு முடிக்க உங்களை எந்த ஜெர்மன்காரர் தடுத்தார்? காலையில் எழுந்து உங்களுக்கு டிபன் கட்டப்போவதும் அவர்தானே. பெற்றவளின் தூக்கத்தைக் கெடுத்து வாங்குகிற பேரும் புகழும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, பழைய ஆள் என்று திட்டினாலும் சரி.

அப்புறம் அந்த நேரம். கோடையில் உங்களுக்கு 11.30 என்றால் பெர்லினில் இரவு 8, சாவோ பாவ்லோவில் மதியம் 3. ஒருவர் லேப் வேலையை முடித்துவிட்டு ஆற அமர வந்து உட்காருகிறார், இன்னொருவருக்குப் பட்டப்பகல், கண்விழிப்பது நீங்கள் மட்டும். இதையே நம் ஊர் இரவு 7.30க்கு வைத்தால் பெர்லினில் மாலை 4, பிரேசிலில் காலை 11, யாருக்கும் குடிமுழுகிப் போகாது. மரபணு வரிசைகளை ஒப்பிடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு வராதா? வரும், வாய்தான் வரவில்லை. எதற்கும் தலையாட்டுகிற ஆள் என்று முதல் கூட்டத்திலேயே உங்களை எடைபோட்டிருப்பார்கள், ‘உதவி’ என்று போட்டதும் அந்தத் தைரியத்தில்தான்.

பல நாட்டுப் பிள்ளைகள் கூடிச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் துறையிலேயே, கணிப்பிய உயிரியலுக்கான சர்வதேசச் சங்கமான ஐ.எஸ்.சி.பி.யின் மாணவர் மன்றம் 2004இல் தொடங்கி, 2005இல் மாட்ரிட்டில் முதல் கருத்தரங்கை நடத்தியது. அவர்கள் கருத்தரங்குகளைப் பற்றிய அறிக்கைகள் ஆய்விதழ்களில் அமைப்பாளர்கள் பெயரோடு வந்திருக்கின்றன. அதனால் பெயர் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சண்டை வேண்டாம், மெயில் போடுங்கள். எத்தனை சுருக்கங்கள் வந்தன, எதை யாருக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியலை இணைத்து, ‘மதிப்பீட்டுப் பொறுப்பாளர்’ என்று மாற்றச் சொல்லுங்கள், கூட்ட நேரத்தையும் அதிலேயே கேளுங்கள். கருத்தரங்குக்கு முன்னாலேயே செய்யுங்கள். முடிந்தபிறகு கேட்டால் பட்டியலைத் திருத்த ஆள் இருக்காது, எல்லாரும் தீசிஸ் எழுதப் போயிருப்பார்கள்.