அப்பாவிடம் சொல்லலாமா? வலி தணிப்பு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், நான்காம் நிலை. அல்சர் என்று சொல்லிவைத்திருக்கிறோம். "உண்மை தெரிந்தால் உடைந்துவிடுவார்" என்கிறார் அண்ணன். மறைப்பது சரியா டாக்டர்?

பதில்: அண்ணனிடம் கோபப்படாதீர்கள் அம்மா, பாசத்தில்தான் பேசுகிறார். ஆனால் கீமோ ஏற்றும் வார்டில் படுத்திருப்பவரிடம் அல்சர் என்ற பேச்சு எத்தனை நாள் நிற்கும்? வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதை உங்களுக்கு முன்பே பார்த்தவர் அவர்தான். பிள்ளைகள் அழக்கூடாதே என்று பலர் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார்கள். கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவர் 1965-இலேயே இதை எழுதினார்கள்: இரு தரப்புக்கும் தெரியும், இரு தரப்பும் நடிக்கும். அந்த நடிப்பிலேயே நாள் போய்விடும். யாரைப் பார்க்க ஆசை, பத்திரம் எங்கே என்பதுகூடப் பேசப்படாது.

அதற்காகப் போய்க் கொட்டிவிடாதீர்கள். "அப்பா, உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் சொல்வதை நீங்களே கேட்கிறீர்களா, அண்ணன் கேட்டால் போதுமா?" என்று கேளுங்கள். "அவனே கேட்கட்டும்" என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. "எனக்குத் தெரிய வேண்டும்" என்றால் டாக்டரிடம் நேரம் வாங்கி, உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். நோயின் கடுமையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாது என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது.

கேள்வி: "நான் பிழைப்பேனா?" என்று அத்தை கேட்டார். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டேன்.

பதில்: பதற்றத்தில் யாருக்கும் அதுதான் வாயில் வரும். அடுத்த முறை, "ஏன் அத்தை, மனதில் என்ன ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அரை நிமிடம்கூடப் பெரிய பாரமாக இருக்கும். அந்த நேரத்தில் ஹார்லிக்ஸ் கலக்க எழுந்து போகாதீர்கள். கேட்க வந்தது வேறாகவும் இருக்கலாம்: வலி தாங்க முடியாமல் போய்விடுமோ, கடைசிப் பெண்ணுக்கு யார் துணை. வலியைப் பற்றியென்றால் பொய்யில்லாமல் தைரியம் சொல்லலாம். மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, முறையாகக் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு வலி கட்டுப்படுகிறது.

கேள்வி: எத்தனை நாள் என்று கேட்டால்?

பதில்: தேதி சொல்லாதீர்கள், எங்களாலேயே முடியாது. மாதக் கணக்கா, வாரக் கணக்கா என்பதுவரை டாக்டர் சொல்வார்.

கேள்வி: வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியுமா?

பதில்: முடியும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். நோய் என்னவென்று தெரிந்தவரால்தான் இதை யோசித்து எழுத முடியும். நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதட்டும். கூட இருந்து கவனிப்பவரிடம் ஒரு நகல் இருக்கட்டும்.