காய்ச்சல் போய் எட்டு மாதம். மூச்சு ஏன் இன்னும் வாங்குகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பல்லடம் பக்கத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறோம். போன மார்கழியில் அவருக்கு வந்த இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். ஆக்சிஜன் அளவு இப்போது 96 காட்டுகிறது. ஆனால் தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். மூன்றாம் மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘ஃபைப்ரோசிஸ்’, அதாவது நுரையீரலில் வடு என்று இருக்கிறது. இணையத்தில் பார்த்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் ஆயுள் என்கிறார்கள். வடுவைக் கரைக்க மாத்திரை உண்டா? தறி ஓட்டலாமா? ஊட்டியில் கொஞ்ச நாள் தங்கவைத்தால் சரியாகுமா?

பதில்: முதலில் அந்த ‘மூன்று முதல் ஐந்து ஆண்டு’ என்ற கணக்கை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது வேறொரு நோயைப் பற்றியது. காரணம் தெரியாமல் வந்து ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகும் நுரையீரல் வடுநோய் ஒன்று உண்டு; ஐ.பி.எஃப். என்பார்கள். நிமோனியாவுக்குப் பின் தங்கும் வடுவையும் இதையும் இணையம் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறது.

தறிக்காரர் வீட்டுக்குத் தறியை வைத்தே சொல்கிறேன். எப்போதோ ஒருமுறை பாவு இழைகள் மொத்தமாக அறுந்தால், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுகிறீர்கள். துணியில் அந்த இடம் கொஞ்சம் தடித்திருக்கும், இழுத்தால் நீளாது. ஆனால் அதற்கப்புறம் நெய்வது நன்றாகவே வரும். கடுமையான வைரஸ் நிமோனியாவுக்குப் பின் வரும் வடு பெரும்பாலும் இந்த வகை. ஐ.பி.எஃப். என்பது தறியிலேயே கோளாறு. முடிச்சுப் போடப் போட அடுத்த இழை அறுந்துகொண்டே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு இருப்பது எது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே ஒரு ஸ்கேன் பதில் சொல்லாது.

அதிலும் மூன்றாம் மாத ஸ்கேன் அவசரப்பட்டு எடுத்தது. அந்தக் கட்டத்தில் படத்தில் தெரியும் வெண்மூட்டத்தில் நிறையப் பகுதி ஆறிக்கொண்டிருக்கும் அழற்சி, வடு அல்ல. 2003-ல் சார்ஸ் என்ற வைரஸ் நிமோனியா வந்து பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பாதிப்பு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் குறைந்து, மீதமிருந்தது பிறகு பெரிதாகக் கூடாமல் நின்றுவிட்டது தெரிந்தது. ஆகவே ஓராண்டு முடியும் மார்கழி வாக்கில் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவதுதான் முறை. காய்ச்சலுக்கு முன்பே சத்தமில்லாமல் இருந்த வடுநோய் இப்போது வெளிப்பட்டிருக்கவும் சிலருக்கு வாய்ப்புண்டு. பழைய எக்ஸ்ரே எதுவும் வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். புது ஸ்கேனைவிட எனக்கு அது பயன்படும்.

96 என்பது உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவுதானே? வடு தன் குணத்தைக் காட்டுவது நடக்கும்போதுதான். வீட்டு முன் சமதரையில், நீங்கள் கூடவே இருக்க, விரலில் ஆக்சிமீட்டரோடு ஆறு நிமிடம் அவர் வேகத்தில் நடக்கட்டும். அளவு நான்கு புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். 88-க்கு வந்தால் அங்கேயே உட்காரவைத்துவிடுங்கள். மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரியோடு டி.எல்.சி.ஓ. என்ற பரிசோதனையும் கேளுங்கள். காற்று உள்ளே போகிறதா என்பதை முதலாவது சொல்லும். போன காற்றிலிருந்து வாயு இரத்தத்துக்குள் கடக்கிறதா என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

நடந்தும் அளவு இறங்காமல், மூச்சு மட்டும் வாங்குகிறதென்றால் வடுவைக் குற்றம் சொல்லாதீர்கள். வென்டிலேட்டரில் படுத்திருந்தவரின் தொடைத்தசை கரைந்திருக்கும், இரத்தசோகை இருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம். மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் சளியில் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு அடைத்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அது நுரையீரலில் இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

வடுவைக் கரைக்கும் மாத்திரை இன்றுவரை கிடையாது. நீங்கள் படித்தது நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்ற இரண்டையும்தான் என்று நினைக்கிறேன். அவை வளரும் வடுவின் வேகத்தைக் குறைக்கும். இருக்கும் வடுவை எடுக்காது. முதலாவது வயிற்றுப்போக்கு தரும், இரண்டாவது வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும். வளராமல் நிற்கும் வடுவுக்கு இவற்றை எழுதித் தர நான் தயங்குவேன். ஸ்டீராய்டு ஆரம்ப வாரங்களில் சிலருக்கு நன்றாகக் கேட்கும். எட்டு மாதத்துக்குப் பிறகும் யாராவது சும்மா தொடரச் சொன்னால், காரணம் கேளுங்கள். சர்க்கரையும் எலும்பும்தான் கெடும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். தூதுவளை ரசம் தாராளமாகக் குடிக்கட்டும், தொண்டைக்கு இதம். பஸ்பம், செந்தூரம் மட்டும் மருத்துவருக்குச் சொல்லாமல் வேண்டாம்.

உண்மையில் பலன் தருவது பயிற்சி. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று எட்டு வாரம் போல நடத்துகிறார்கள்: நடை, கால்களுக்கு வலுவூட்டல், மூச்சை அளந்து விடப் பழகுதல். வடு அப்படியே இருக்கும். ஆனால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு இன்னும் அதிக தூரம் நடப்பார். மருந்துச் சீட்டில் இது இல்லாததால் வீட்டார் இதை வைத்தியமாகவே எண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போடுங்கள்; நிமோகாக்கல் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம். இன்னொரு நிமோனியாவை அவர் தாங்குவது கடினம்.

தறிக்கு வருவோம். பஞ்சுத் தூசி மூச்சுக்குழாயை இறுக்கும். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சுப் பிடிப்பு அதிகமாக இருப்பது அதன் அடையாளம். நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் ப்ளோரூம், கார்டிங் பகுதிகள் அளவுக்குத் தறிக்கூடத்தில் தூசி இல்லை. நடைச் சோதனை நன்றாக வந்தால் பாதி நேரம் போகலாம். கூட்டிப் பெருக்குவதும் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் வேறொருவர் வேலை. எனக்குத் தறியைவிடக் கவலை தருவது, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. உங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் பிராய்லர் பண்ணை. கோழி, புறா எச்சத் தூசு ஒவ்வாமல் நுரையீரலில் தானே வடுவை உண்டாக்கும் நோய் இருக்கிறது. கொட்டகை வேலையோ வீட்டில் புறாக்கூண்டோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வைத்தியமே மாறும். பீடி இருந்தால் இன்றோடு நிற்கட்டும்.

ஊட்டி வேண்டாம். 2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். சுத்தமான காற்று வேறு, போதுமான காற்று வேறு. தைப்பூசத்துக்குச் சென்னிமலை ஏறும் வழக்கம் இருந்தால், அந்த 1,320 படி இந்த முறை வேண்டாம். மலை உச்சி வரை சாலை இருக்கிறது, வண்டியில் போய் வரட்டும். மார்கழி ஸ்கேனும் நடைச் சோதனையும் கையில் வந்தபின் அடுத்த ஆண்டுப் படிகளைப் பற்றிப் பேசலாம்.