முள்வால் ஓணான் ஜாடியில் ஃபார்மலின் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். ராஜஸ்தான் மணலில் பிடித்துப் பதப்படுத்திய ஓணான், லேபிளில் 70% எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்), ஒரு வருடத்தில் ஜாடித் திரவம் கால்வாசி குறைந்துவிட்டது என்கிறீர்கள். எத்தனாலில் இருப்பதற்கு எத்தனால்தான். ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) நாளாவட்டத்தில் அமிலமாகி எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும்.

எனக்கு மூடி மேல்தான் சந்தேகம். ராமேஸ்வரம் உப்புக்காற்றில் தகர மூடி எத்தனை நாள் தாங்கும்? பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் ஜாடி வாயோரம் காபிப்பொடி மாதிரி துரு; கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம் பிளந்து கிடந்தது. பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றினோம்.

தண்ணீரைவிட ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகும். அதனால் மிச்சமிருப்பது நீர்த்துப் போயிருக்கும். இப்படிப் பாருங்கள்:

1. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் திரவத்தைத் தனியே எடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.
2. தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு துண்டு வெட்டி, எடுத்த திரவத்தில் போட்டு, குமிழி போக அமுக்கிவிடுங்கள். மிதந்தால் ஆல்கஹால் 70-க்கு நன்றாகக் கீழே.

இது தோராயம்தான், சரியான அளவுக்கு ஆல்கஹால் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் கருவி) வேண்டும். மிதந்தால் நேரே 70-க்குத் தாவாதீர்கள், உடல் சுருங்கும். 50-இல் ஓரிரு நாள் வைத்துப் பிறகு மாற்றுங்கள்.

பழைய லேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிடித்த இடமும் தேதியும் போனால் அது வெறும் ஓணான். புது லேபிள் பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் மை கரைந்துவிடும்.