கருப்பட்டி உருண்டையும் மாமாவின் சர்க்கரையும்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். மாமாவுக்கு 68 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறார். சாயங்காலம் காபியோடு கொறிக்க ஏதாவது கேட்பார். கடைப் பண்டம் வேண்டாமென்று கருப்பட்டிப் பாகில் எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தேன். அப்படியும் சர்க்கரை ஏறுகிறது. பாகு வைக்காமல், அடுப்படியில் அதிகம் நிற்காமல் செய்ய ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: எள் ஒன்றும் செய்யவில்லை, ஏற்றியது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அது பதநீரைக் காய்ச்சி வற்றவைத்ததுதான், பெரும்பகுதி சர்க்கரை. கால் கிலோ கருப்பட்டியில் இருபது உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூன். இதைச் சொன்னால் நம்ம ஊரில் கோபித்துக்கொள்கிறார்கள். அதில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஓர் உருண்டையில் அது எவ்வளவு வந்துவிடப் போகிறது?

உருண்டை பிடிக்கப் பாகு தேவையில்லை, கடலையில் இருக்கிற எண்ணெயே போதும். தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், கொட்டை எடுத்த சிறிய பேரீச்சம்பழம் மூன்று, கொஞ்சம் சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. எள்ளை மட்டும் வீட்டில் வறுத்து ஆறவையுங்கள், அடுப்பு வேலை அவ்வளவுதான். பழத்தை முதலில் நசுக்கிவிட்டு, எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும். ஒரு சிட்டிகை எடுத்து அமுக்கினால் விரலில் எண்ணெய் மினுங்க வேண்டும், அதுதான் பக்குவம். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுப்போகும். இன்னொரு சுற்று விட்டால் கூடி வரும். பன்னிரண்டு உருண்டை பிடிக்கலாம். பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். ஒன்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்தே 4 கிராமுக்குள்தான். ஆனால் 75 கலோரி இருப்பதால் நாளுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. முதல் நாள் மாமா, “இதுல இனிப்பே இல்லியே” என்பார். ஒரு வாரம் பொறுங்கள், நாக்கு பழகிவிடும்.

தினமும் இனிப்பு எதற்கு என்று தோன்றினால் கோசுமல்லி இருக்கவே இருக்கிறது. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காய், கொஞ்சம் தேங்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முடிந்தது. பருப்பிலும் மாவுச்சத்து உண்டு, அதனால் சின்னக் கிண்ணத்தில் ஒன்று போதும். நொங்கு சீசனில் இளநொங்கு இரண்டு சுளை சாப்பிடலாம். பதநீரில் போட்ட நொங்கு மட்டும் வேண்டாம். ஒரு டம்ளர் பதநீரில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதின பிஸ்கட்டில் மைதா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாமாவுக்குச் சிறுநீரகத் தொந்தரவு ஏதும் இருந்தால் கடலை, தேங்காய் பற்றி முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பண்டம் கொடுக்கிற அன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருந்தால் சரி; அவருக்கு டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

இன்னொன்று. சில மாத்திரைகளில் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடுவதுண்டு. வியர்த்து, கை நடுங்கி, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் இந்த உருண்டையைக் கொடுக்காதீர்கள். கடலையின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.