அப்பா சின்னது என்றால் குட்டியும் சின்னதாகவே பிறக்குமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பொமரேனியன் பெண் நாய்க்கு இரண்டு வயது, எடை 2 கிலோ. தெரிந்தவர் ஒருவரிடம் 1.4 கிலோ ஆண் நாய் இருக்கிறது. கிராஸ் போட்டால் எல்லாமே டீகப் குட்டிகள்தான் என்கிறார். இரண்டுக்கும் அப்பா ஒன்றுதான். போடலாமா?"

வேண்டாம்மா. இதில் உயிர் ஆபத்து அந்த ஆண் நாய்க்கு இல்லை, உங்கள் வீட்டு நாய்க்குத்தான்.

முதலில், டீகப் என்று ஒரு இனமே கிடையாது, அது ரொம்பச் சின்ன நாய்களுக்கு விற்பவர்கள் வைத்த பெயர். நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்க கென்னல் கிளப் கணக்கில் பொமரேனியன் என்றால் சுமார் 1.4 முதல் 3.2 கிலோ, அவ்வளவுதான். நாயின் அளவில் ஐஜிஎஃப்1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள், ஆனால் அது மட்டும் இல்லை, இன்னும் பல மரபணுக்கள் சேர்ந்துதான் அளவு அமைகிறது. அதனால் கண்ணெதிரே நிற்கிற அப்பாவை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது. பாட்டி 4 கிலோ இருந்திருந்தால் அந்த உடம்பு பேரக்குட்டியில் வந்து நிற்கலாம். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி இந்தியன் ஸ்பிட்ஸையும் விற்கிறார்கள், அது சாதாரணமாக 5 கிலோவைத் தாண்டும், அந்த ரத்தம் எங்காவது கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படி ஒரு பெரிய குட்டி 2 கிலோ தாயின் வயிற்றில் வளர்ந்தால் என்ன ஆகும்? இடுப்பெலும்பு வழி குறுகலாக இருக்கும், தலை சிக்கிக்கொள்ளும், நடுராத்திரியில் சிசேரியனுக்கு ஓட வேண்டியிருக்கும். குட்டி ஒன்றே ஒன்று என்றால் இன்னும் கஷ்டம், போட்டிக்கு ஆள் இல்லாமல் அது நன்றாகக் கொழுத்துவிடும். அனுபவமுள்ள பிரீடர்கள் தாயை இரண்டரை கிலோவுக்கு மேல் வைத்துக்கொண்டு, ஆணைச் சிறியதாகத் தேடுவது இதனால்தான். குட்டிகள் ரொம்பச் சின்னதாகப் பிறந்தாலும் நிம்மதி இல்லை. ஒரு வேளைப் பால் தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்துவிடலாம்.

அப்புறம் அந்த ஒரே அப்பா விஷயம். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றாலும் அண்ணன் தங்கைதானே. பிறக்கும் குட்டிகளின் உள்ளினக் கலப்பு, அதாவது ஒரே முன்னோரின் மரபணு அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். முட்டிச்சில்லு நழுவுவது மாதிரி அந்த லைனில், அதாவது வம்சத்தில், ஒளிந்திருக்கிற குறைகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளியே வரலாம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பேப்பர் இருக்கிறது என்பார்கள். அந்தப் பேப்பர் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

கட்டாயம் குட்டி வேண்டும் என்றால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். இந்த இடுப்பு தாங்குமா என்று அவர் சொல்லட்டும். தாங்கும் என்றால் வேறு லைன் ஆணைத் தேடி, அதன் அம்மா, பாட்டி எடை என்ன, சுகப்பிரசவமா என்று கேளுங்கள். சினையான 55-ஆம் நாள் வாக்கில் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி, தலை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும்.

ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி எதுவும் இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் பயமும் போய்விடும்.